நடு வரிசை மட்டும் சரி

போன வருடம் ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் முன்பின் தெரியாதவர். நான் வடிவமைத்து இலவசமாகப் போட்டிருந்த கப்பல் வணிக ஆட்டத்தின் கோப்பை இறக்கி, அச்சடித்து, வெட்டி, வீட்டில் இரண்டு பேரோடு உட்கார்ந்து விளையாடியிருக்கிறார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. சரக்குச் சீட்டைக் கழிக்கும்போது முகம் தெரியப் போட வேண்டுமா, கவிழ்த்துப் போட வேண்டுமா? விதித்தாளில் இரண்டு முறை தேடியும் கிடைக்கவில்லை என்றார். அதற்குக் கீழே, போகிற போக்கில் இன்னொரு வரி: "பின்பக்கங்களில் நடு வரிசை மட்டும் சரியாக இருந்தது. மற்றதை நான் சமாளித்துக்கொண்டேன்." கூடவே ஒரு படம். மேசை மேல் என் சீட்டுகள். எல்லாவற்றின் பின்பக்கமும் வெள்ளை. ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் வெள்ளைத் தாள் ஒட்டி, ஓரத்தைத் திரும்ப வெட்டிச் சீராக்கி, சிலவற்றில் மட்டும் பேனாவால் சின்ன வட்டம் போட்டிருந்தார். மொத்தம் 84 சீட்டு.

கேள்விக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். முகம் தெரியப் போட வேண்டும். நன்றி, மகிழ்ச்சி, அடுத்த பதிப்பில் சேர்த்துவிடுகிறேன், வழக்கமான வார்த்தைகள். அந்த இரண்டாவது வரிதான் போகவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். "சமாளித்துக்கொண்டேன்" என்று ஒருவர் எழுதும்போது அதற்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணமும் எளியது: என் ஆட்டத்தை என் கோப்பிலிருந்து நான் ஒரு முறைகூட அச்சடித்துச் செய்து பார்த்ததில்லை.

இதைச் சொன்னால் ஆட்டம் வடிவமைக்கப் புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அவர்களிலும் பெரும்பாலோர் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது என் அனுபவம். முதல் மாதிரியை வெற்றுச் சீட்டுகளில் பென்சிலால் எழுதுகிறோம். அது ஓடுகிறது என்று தெரிந்ததும் நேரே கணினிக்குப் போகிறோம். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் சீட்டுக்கு ஒரு சட்டம், ஒரு அட்டவணையில் சீட்டுகளின் விவரம், நான்டெக் மாதிரி ஒரு மென்பொருள் இரண்டையும் சேர்த்து பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடும். அப்புறம் சோதனை ஆட்டமெல்லாம் டேப்லடாப் சிமுலேட்டரில், அதாவது மேசை ஆட்டங்களைத் திரையிலேயே ஆடும் மென்பொருளில். அங்கே எந்தச் சீட்டும் கோணலாக வெட்டப்படுவதில்லை, எந்தப் பின்பக்கமும் நகர்வதில்லை. பென்சில் மாதிரிக்கும் திரைக்கும் நடுவே இருக்கும் ஒரு பொருளை, அதாவது ஆட்டக்காரர் கையில் உண்மையில் போய்ச்சேரும் பொருளை, செய்தவனே பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சரி, செய்து பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்தேன். எனக்கே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். மூலக்கோப்பைத் திறக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் கொடுத்த அதே பிடிஎஃப், வீட்டில் இருக்கும் சாதாரண அச்சுப்பொறி, 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம்) தடித்த தாள், இரும்பு அளவுகோல், கத்தி, வெட்டுப்பாய். முன்பின் தெரியாத ஒருவருக்கு என்ன கிடைத்ததோ அது மட்டும்.

முதல் தாளின் இரண்டாம் பக்கம் வெளியே வந்ததுமே அந்த நடு வரிசை விஷயம் விளங்கிவிட்டது. என் ஆட்டத்தில் அப்போது இரண்டு கட்டுகள். சரக்கு 56, காற்று 28. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு வருவதால், ஒவ்வொரு தாளிலும் ஒன்பது சீட்டில் இடது நெடுவரிசையும் நடு நெடுவரிசையும் சரக்கு, வலது நெடுவரிசை காற்று என்று அடுக்கியிருந்தேன். அழகாக இருந்தது. பின்பக்கத் தாளிலும் அதே வரிசை. தாளைப் புரட்டினால் இடது வலதாகிவிடும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு ஏன் தோன்றவில்லை என்றால், திரையில் தாளை யாரும் புரட்டுவதில்லை. முன்பக்கத்தின் இடது ஓரத்துக்குப் பின்னால் போய் உட்காருவது பின்பக்கத்தின் வலது ஓரம். ஆக இடது வரிசைச் சரக்குகளுக்குக் காற்றின் முதுகு, வலது வரிசைக் காற்றுகளுக்குச் சரக்கின் முதுகு. நடு வரிசை எங்கும் நகராது, அது மட்டும் பிழைத்துக்கொண்டது. 84-இல் 56 தப்பு. சரக்குக் கட்டில் பாதிச் சீட்டை முதுகைப் பார்த்தே அடையாளம் சொல்லிவிடலாம் என்றால் அப்புறம் ஆட்டம் எங்கே இருக்கிறது? அந்த மனிதர் வெள்ளைத் தாள் ஒட்டியதற்கு அதுதான் காரணம்.

வெட்ட ஆரம்பித்தேன். சீட்டின் அளவு வழக்கமான போக்கர் அளவு, 63-க்கு 88 மில்லிமீட்டர். சீட்டுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டிருந்தேன். பெரிய அச்சகக் கோப்புகளில் அப்படி இருக்கும், பார்க்கத் தொழில்முறையாகத் தெரிந்தது, விட்டேன். அந்த இடைவெளியின் விலை கத்தியைப் பிடித்தபோதுதான் புரிந்தது. சீட்டுகள் ஒட்டி இருந்தால் ஒரு தாளுக்கு நெடுக்கில் நான்கு, குறுக்கில் நான்கு, எட்டு வெட்டு. இடைவெளி விட்டால் ஒவ்வொரு சீட்டுக்கும் தனி ஓரம், ஆறும் ஆறும் பன்னிரண்டு. ஒன்பது முழுத் தாளுக்கு 108, மூன்றே சீட்டு இருக்கும் பத்தாவது தாளுக்கு எட்டு, ஆக 116 வெட்டு. 250 ஜிஎஸ்எம் தாள் ஒரே இழுப்பில் விடாது. முதல் இழுப்பு தடம் போடும், இரண்டாவது ஆழமாகும், மூன்றாவதில்தான் விடும். அழுத்திப் பிடித்து ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் அளவுகோல் நழுவும். நான்காவது தாளில் எனக்கு நழுவியது. ஒரு சீட்டின் மூலை போனது, விரல் தப்பித்தது.

ஐந்தாவது தாளில் ஒரு உபாயம் கைக்கு வந்தது. நெடுக்கு வெட்டுகளைத் தாளின் விளிம்புவரை கொண்டுபோகாமல், சீட்டு முடியும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஓரத்து வெள்ளைப் பகுதி தாளைப் பிரியாமல் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு குறுக்கு வெட்டுகளைப் போட்டால் சீட்டுகள் ஒவ்வொரு வரிசையாக உதிரும், எதையும் மறுபடி நேராக்கி வைக்க வேண்டியதில்லை. வெட்டிப் பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் இதைச் செய்ய வேண்டுமானால் வழிகாட்டிக் கோடுகள் தாளின் ஓரம்வரை நீண்டு தெரிய வேண்டும். நான் ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் தலைமுடி அளவுக்கு ஒரு கூட்டல் குறி போட்டிருந்தேன். முதல் வெட்டிலேயே பாதிக் குறிகள் காணாமல் போயின.

பத்தாவது தாளில்தான் உண்மையிலேயே எரிச்சல் வந்தது. ஒரு முழுத் தாள், அதன் பின்பக்கம், எட்டு வெட்டு, எல்லாம் மூன்று சீட்டுக்காக. 81-இல் நின்றிருந்தால் இந்தத் தாளே இல்லை. 84 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஏழு வகைச் சரக்கு, வகைக்கு எட்டு. நான்கு திசைக் காற்று, திசைக்கு ஏழு. ஏன் எட்டு, ஏன் ஏழு? எந்தக் கணக்கும் போட்டதாக நினைவில்லை. பென்சில் மாதிரி செய்தபோது கையில் இருந்த வெற்றுச் சீட்டுகளின் எண்ணிக்கை அவ்வளவாக இருந்திருக்கலாம்.

அதற்கப்புறம் வில்லைகள், அதாவது தாளிலிருந்து வெட்டும் சின்னக் காய்கள். 48 வில்லை, 20 மில்லிமீட்டர் விட்டம், வட்டம். வட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது கை திரும்பக் கூடாது, தாள்தான் திரும்ப வேண்டும். பதினைந்தாவது வில்லையில் கட்டைவிரல் காய்த்துப்போனது. இருபதாவதோடு நிறுத்திவிட்டு, மீதிக்குக் காசுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஆட்டம் எந்த வித்தியாசமும் இல்லாமல் ஓடியது. அப்படியானால் 48 வட்டங்களை யாருக்காக வரைந்தேன்? அதே வில்லைகளைச் சதுரமாக, எட்டுக்கு ஆறு கட்டமாக ஒட்டி வைத்திருந்தால் ஒன்பதும் ஏழும் பதினாறு நேர் வெட்டில் வேலை முடிந்திருக்கும். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தவன் எழுந்தபோது மாலை நான்கு. அன்று இரவு விளையாடினோம். ஆட்டம் இருபத்தைந்து நிமிடம் ஓடியது.

54

புதிதாக ஆட்டம் வடிவமைப்பவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் வேறு கேள்விகள். சமநிலை எப்படிக் கொண்டுவருவது, ஓவியத்துக்கு என்ன செய்வது, யாராவது என் யோசனையைத் திருடிவிட்டால்? கடைசிக் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஆட்டத்தின் செயல்முறைக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது, விதியை எழுதிய சொற்களுக்கும் வரைந்த படங்களுக்கும்தான் உண்டு. உங்கள் ஆட்டத்தை இறக்கியவர்களில் பெரும்பாலோர் அதை அச்சடிக்கவே மாட்டார்கள், திருடுவது அதற்கப்புறம்தானே. என் கோப்பின் இறக்கக் கணக்கு மூன்று இலக்கத்தைத் தாண்டியிருந்தது. வந்த மின்னஞ்சல் ஒன்று. கவலைப்பட வேண்டியது அந்த ஒருவரைப் பற்றி.

கடையில் விற்கும் ஆட்டத்துக்கும் நம்முடையதற்கும் ஒரு அடிப்படை வித்தியாசம் உண்டு. அங்கே நூறு சீட்டு சேர்த்தால் தயாரிப்பாளரின் செலவு கூடும், அவர் ஒரு கட்டத்தில் போதும் என்று தடுத்துவிடுவார். இங்கே தடுக்க ஆளில்லை. சீட்டு சேர்ப்பது வடிவமைப்பாளருக்கு ஒரு பைசா செலவில்லாத காரியம், அட்டவணையில் ஒரு வரி அவ்வளவுதான். அந்தச் செலவு முழுவதும் முகம் தெரியாத ஒருவரின் மாலைப் பொழுதிலிருந்து போகிறது. அமெரிக்க ஆட்ட வடிவமைப்பாளர் ஜேம்ஸ் எர்னஸ்ட் 1996-இல் சீப்பாஸ் கேம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியபோது இந்தக் கணக்கை வேறொரு பக்கத்திலிருந்து போட்டார். பகடையும் காய்களும் விளையாட்டுப் பணமும் ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் இருக்கின்றன, அதை ஏன் ஒவ்வொரு பெட்டியிலும் திரும்பத் திரும்ப விற்க வேண்டும் என்று, அந்த ஆட்டத்துக்கே உரிய சீட்டுகளையும் விதியையும் மட்டும் ஒரு உறையில் போட்டு மலிவாக விற்றார். அச்சிட்டு விளையாடும் ஆட்டக்காரர்கள் அந்த உறையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 2012-இல் ஜப்பானில் வந்த லவ் லெட்டர் ஆட்டத்துக்கு 16 சீட்டு போதுமாக இருந்தது. பட்டன் ஷை என்ற பதிப்பகம் 18 சீட்டு ஆட்டங்களாகவே வரிசையாகக் கொண்டுவருகிறது. 18 என்றால் சரியாக இரண்டு தாள். இந்த எல்லையில் எப்படி இவ்வளவு ஆட்டங்கள் என்று எனக்கு முன்பெல்லாம் ஆச்சரியமாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இல்லை.

என் ஆட்டத்துக்கு வருகிறேன். முதலில் காற்றுக் கட்டு. ஒரு சுற்றுக்கு ஒரு காற்று, மொத்தம் எட்டுச் சுற்று. 28 சீட்டில் எட்டுதான் ஒரு ஆட்டத்தில் மேலே வருகிறது. மீதி இருபதையும் அந்த மனிதர் வெட்டி, ஒட்டி, திரும்ப வெட்டி, பெட்டியில் வைத்திருந்தார். கட்டாக வைத்ததற்கு என்னிடம் ஒரு நியாயம் இருந்தது. பகடைக்கு ஞாபகம் கிடையாது, கட்டுக்கு உண்டு. வந்து போன சீட்டு திரும்ப வராது, அதை எண்ணி வைத்துக்கொண்டு கெட்டிக்காரர் ஒருவர் திட்டமிடலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு திசை வந்த பிறகு அதே திசை அடுத்தும் வர வாய்ப்பு 27-இல் 6, கிட்டத்தட்ட 22 சதவீதம். நான்கு திசையையும் ஞாபகமே இல்லாமல் குருட்டாம்போக்கில் எடுத்தால் 25. இந்த மூன்று சதவீத வித்தியாசத்தை உணர்கிற ஆட்டக்காரர் யாரையும் நான் சந்தித்ததில்லை. மூன்று சதவீதத்துக்கு 28 சீட்டு, இரண்டாவது பின்பக்கம், இடவலம் மாறிய அந்தப் பிழை எல்லாம்.

காற்றுக் கட்டை எடுத்துவிட்டு ஒரு பகடையை வைத்தேன். 1 முதல் 4 வரை திசைகள். 5, 6 விழுந்தால் போன சுற்றின் காற்றே தொடரும். இதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. இப்போது காற்று மாறாமல் நீடிக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அதனால் மேசையில் இருப்பவர்கள் "இன்னும் ஒரு சுற்று தாங்கும்" என்று பந்தயம் கட்டுவதுபோல் கப்பலை விட ஆரம்பித்தார்கள். முன்பு காற்று வந்த பிறகு அதற்கேற்ப நகர்ந்தார்கள், இப்போது காற்றை நம்பி முன்கூட்டியே நகர்கிறார்கள். வெட்டும் வேலையைக் குறைக்கப் போய் ஆட்டமே கொஞ்சம் நன்றாக ஆனது. எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வேறு இடங்களில் குறைத்துப் பார்த்து ஆட்டம் சப்பென்று ஆனதும் உண்டு, திரும்பச் சேர்த்துவிட்டேன்.

மிஞ்சியது 56 சரக்குச் சீட்டு. ஆறு தாளுக்கு 54 கொள்ளும், இரண்டு அதிகம். ஏழு வகை எட்டுச் சீட்டு என்பதை ஆறு வகை ஒன்பது சீட்டு என்று மாற்றினேன். ஒரு வகைக்கு ஒரு தாள். வெட்டும்போது ஒரு தாள் கெட்டுப்போனால் அந்த ஒரு தாளை மட்டும் திரும்ப அச்சடிக்கலாம், எது எங்கே போனது என்று தேட வேண்டாம். இடைவெளியை எடுத்துவிட்டுச் சீட்டுகளை ஒட்ட வைத்தேன். 116 வெட்டு 48 ஆனது. அத்தோடு இன்னொரு தலைவலியும் தானாகப் போனது. ஒட்டி வைத்த ஒன்பது சீட்டின் மொத்த அளவு 189-க்கு 264 மில்லிமீட்டர். ஏ4 தாள் 210-க்கு 297. சில நாடுகளில் புழங்கும் லெட்டர் தாள் அகலம் கூடுதல், உயரம் குறைவு, 216-க்கு 279. இரண்டிலும் 264 உட்கார்ந்துவிடும், ஓரத்தில் அச்சுப்பொறி தொடாத பகுதிக்கும் இடமிருக்கும். என் பழைய 268 லெட்டர் தாளில் விளிம்பை இடித்துக்கொண்டிருந்தது. இடித்தால் அச்சுப்பொறி என்ன செய்யும்? யாரையும் கேட்காமல் "பக்கத்துக்குப் பொருத்து" என்று சுருக்கிவிடும். ஏ4 பக்கத்தை லெட்டரில் பொருத்தினால் 94 சதவீதம். 63 மில்லிமீட்டர் சீட்டு 59 ஆகும். எல்லாத் தாளும் ஒரே மாதிரி சுருங்கினால் பரவாயில்லை. பாதியை ஒரு நாளும் மீதியை இன்னொரு நாளும் வேறு அமைப்பில் அச்சடித்தால் ஒரே கட்டில் இரண்டு அளவுச் சீட்டு. அதனால் இப்போது என் கோப்பின் முதல் பக்கத்தில் சரியாக 100 மில்லிமீட்டரில் ஒரு கோடும், "இதை அளந்து பாருங்கள், 100 இல்லையென்றால் மேற்கொண்டு அச்சடிக்க வேண்டாம்" என்ற ஒரு வரியும் இருக்கின்றன.

ஒட்டி வைப்பதில் ஒரு ஆபத்து உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கத்தி அரை மில்லிமீட்டர் விலகினால் பக்கத்துச் சீட்டின் நிறம் இந்தச் சீட்டின் ஓரத்தில் கோடாகத் தெரியும். விளிம்புவரை நிறம் பூசியிருந்தால் அது கண்ணை உறுத்தும். நான் எல்லாச் சீட்டுக்கும் வெள்ளை ஓரம் வைத்துவிட்டேன். விலகினால் ஓரம் ஒரு பக்கம் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான். பின்பக்கத்துக்கு நேர் எதிரான விதி. வீட்டு அச்சுப்பொறியில் இரு பக்கமும் அடித்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். பின்பக்கத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தால், என்னுடையதில் தங்க நிறத்தில் மெல்லிய சட்டம் போட்டிருந்தேன், ஒவ்வொரு சீட்டும் தன் நகர்வை ஊருக்கே அறிவிக்கும். சட்டமில்லாத, எங்கே வெட்டினாலும் ஒரே மாதிரி தெரிகிற பரவலான கோலம்தான் அங்கே பாதுகாப்பு. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளில் எதிரெதிராக அச்சிட்டு, நடுவே மடித்து ஒட்டி வெட்டும் முறையும் இருக்கிறது. பின்பக்கங்கள் பலவகையாக இருக்கும் ஆட்டங்களுக்கு அதுதான் நிம்மதி. இன்னும் சோம்பேறித்தனமான வழி, பின்னால் நிறமுள்ள பிளாஸ்டிக் உறை. பின்பக்கமே அச்சடிக்க வேண்டாம்.

மை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறுப்புப் பின்னணி திரையில் கம்பீரமாக இருக்கும், மைப்பொறியில் தாளை நனைத்து வளைத்துவிடும், வெட்டிய ஓரத்தில் தாளின் வெள்ளை பல்லை இளிக்கும். கறுப்பு வெள்ளையில் அச்சடிப்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு என் சிவப்புச் சரக்கும் பச்சைச் சரக்கும் ஒரே சாம்பல். சிவப்பு பச்சை பிரித்தறியாதவர்களுக்கு நிறத்தில் அச்சடித்தாலும் அதே கதி. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை அப்படி. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சின்னம் வைத்தேன். முதலிலேயே வைத்திருக்க வேண்டியது.

போடு, கழி, கைவிடு

மின்னஞ்சலில் கேட்ட கேள்விக்கு அவர் கையிலிருந்த தாளில் ஏன் பதில் கிடைக்கவில்லை என்பது தனிக் கதை. அந்த விதியை நான் எழுதவில்லை என்று நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால் எழுதியிருக்கிறேன். "கைவிட்ட சீட்டுகள் அனைவருக்கும் தெரியும்படி இருக்கும்" என்று நான்காம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் அதே செயலுக்குக் "கழி" என்றும், மூன்றாம் பக்கத்தில் "போடு" என்றும் எழுதியிருந்தேன். கழிப்பது வேறு, கைவிடுவது வேறு என்று அவர் நினைத்தது முழுக்க நியாயம். கட்டுரை எழுதப் பழகும்போது ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, அந்தப் பழக்கம் விதித்தாளில் விஷம். ஆட்டக்காரர் ஒவ்வொரு புதுச் சொல்லையும் ஒரு புதுச் செயலாகவே படிப்பார். கட்டிலிருந்து எடுப்பதற்கு ஒரு சொல், மேசையிலிருந்து எடுப்பதற்கு ஒரு சொல், இரண்டையும் பொதுவாக "எடு" என்று விட்டுவிட்டால் யாராவது ஒருவர் தப்பான இடத்திலிருந்து எடுப்பார். அதே சொல்லைப் பன்னிரண்டு முறை எழுதிச் சலிப்பாக இருக்கிறது என்றால், சரியாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

புதிய விதித்தாளை, ஆட்டத்தைப் பார்த்தே இராத இரண்டு நண்பர்களிடம் கொடுத்தேன். காணொளி அழைப்பில் அவர்கள் மேசை தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லிவிட்டு, என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு பார்ப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஆட்டத்தைப் பரப்பி வைக்கவே பதினோரு நிமிடம். துறைமுகத் தாளை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று ஒருவர் கேட்க, மற்றவர் விதித்தாளை முன்னும் பின்னும் புரட்டுகிறார். அதில் பதில் இல்லை. எனக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை, ஏனென்றால் எப்போதும் நான்தான் பரப்பி வைத்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் இருவரும் சேர்ந்து ஒரு விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டு, வெகு மகிழ்ச்சியாக ஐந்து நிமிடம் வேறொரு ஆட்டம் ஆடினார்கள். குறுக்கிட்டுத் திருத்த நாக்கு துடித்தது. குறுக்கிட்டிருந்தால் அந்தப் பிழை கோப்பிலேயே தங்கியிருக்கும். கோப்போடு என் நாக்கையும் சேர்த்து அனுப்ப முடியாதே. பரப்பி வைத்த மேசையின் ஒரே ஒரு படத்தை முதல் பக்கத்தில் சேர்த்ததும் அந்தப் பதினோரு நிமிடம் மூன்று நிமிடமானது.

ஒரு எதிர்க்கட்சி வாதம் எனக்குள்ளேயே உண்டு. வெட்டுவதையும் ஒட்டுவதையும் விரும்பியே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மூலைகளை வளைத்து, அட்டைப்பெட்டி மடித்து, காய்களுக்கு வண்ணம் பூசி, கடைசியில் ஆடாமலேயே அலமாரியில் வைத்துவிடுகிறவர்களைக்கூட எனக்குத் தெரியும். அவர்களுக்கு 200 சீட்டு என்றால் கொண்டாட்டம். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் யார்? ஆனால் அவர்கள் தெரிந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கோப்பை இறக்கும் இடத்திலேயே எத்தனை தாள், எத்தனை வெட்டு, வீட்டில் தேட வேண்டிய பொருள் என்னென்ன என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். நான் இப்போது "6 தாள், 48 வெட்டு, 1 பகடை, 20 காசு அல்லது பொத்தான்" என்று ஆட்டத்தின் பெயருக்குக் கீழேயே போட்டிருக்கிறேன். ஆசைப்படுகிறவர்களுக்காக முழு வண்ணப் பதிப்பு தனிக் கோப்பாக இருக்கிறது.

அப்புறம் பதிப்பு எண். ஒவ்வொரு சீட்டின் கீழ் மூலையிலும் பொடி எழுத்தில் 1.2 என்று இருக்கிறது. என் கணினியில் இருக்கும் "இறுதி", "இறுதி புதிது", "இதுதான் இறுதி" என்ற மூன்று கோப்புகளில் எதை ஊருக்குக் கொடுத்தேன் என்று ஒரு நாள் முழுக்கத் தேடியதன் விளைவு அது.

புதிய பதிப்பு தயாரானதும் அந்த மனிதருக்கு அனுப்பினேன். பின்பக்கத்துக்காக மன்னிப்பும் கேட்டிருந்தேன், ஒரு வருடம் தாமதமாக. இரண்டு நாளில் பதில் வந்தது. பகடைக் காற்று பிடித்திருக்கிறது, ஆனால் சீட்டுகளைத் திரும்ப வெட்டப் போவதில்லை, பழைய கட்டிலேயே ஒரு சரக்கை எடுத்துவிட்டு, பேனா வட்டம் போட்ட 28-ஐயும் ஓரமாக வைத்துவிட்டு ஆடிக்கொள்கிறோம் என்றார். வகைக்கு எட்டுச் சீட்டோடு ஆடினால் சமநிலை கொஞ்சம் மாறும் என்று எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன்.

நேற்று இரவு எனக்காக ஒரு பிரதி செய்துகொள்ளலாம் என்று 1.2-ஐ அச்சடித்தேன். ஆறு தாளும் வந்து விழுந்த பிறகு, சும்மா ஒரு பார்வைக்கு, முதல் பக்கத்துக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்தேன். 97 மில்லிமீட்டர்.